மூன்று செட்

பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
"மூணு செட்டு எடுடே" என்று
மஞ்சள்பையைக் கவிழ்த்தார் மதலைமுத்து சார்.
நலிந்த விளையாட்டு வீரர் பென்ஷனுக்கு விண்ணப்பம்.
என்னைத் தெரிந்ததா, தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.
மிஷின் சூடாகட்டும் என்று நின்றோம்.

முதல் தாள், எழுபத்தேழு.
மாவட்டம் அப்போது ஒன்றுதான்,
பாபநாசம் மலை தொடங்கித் தூத்துக்குடிக் கடல்வரை
ஒரே பனியன்.
சென்டர் ஹாஃப், ஆ. மதலைமுத்து.
அவர் ஓடவே மாட்டார் என்பார்கள்;
நின்ற இடத்தில் காலை நீட்டினால்
வீடு வந்த மாடுபோலப் பந்து அங்கே நிற்குமாம்.
வெளிச்சம் ஒரு தரம் போய்த் திரும்பியது.

அடுத்தது மில் டீம், விக்கிரமசிங்கபுரம்.
ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு ஆட வருவார்கள்.
கதவடைப்பு வருசம் கோப்பை ஜெயித்ததற்கு
ஆளுக்கொரு போர்வை கொடுத்தார்கள்.
அதைச் சான்றிதழில் போடவில்லை,
அவர்தான் சொன்னார்.

மூன்றாவது முழங்கால் டாக்டர் சீட்டு.
"இதுவுமா?"
"கெடக்கட்டும். ஏன் நிறுத்துனேன்னு கேப்பானுவல்லா."

நான்காவது, எண்பத்தாறு.
மாவட்டத்தை இரண்டாக வகிர்ந்த மாதம்,
அணி மேலாளராக நியமனம்.
தாளின் தலையில் பழைய சீல்,
உள்ளே பாதி ஊர்களைக் காணோம்.
வியாகப்பனும் இன்னும் நாலு பேரும்
ராத்திரியோடு எதிரணி ஆகியிருந்தார்கள்.
முதல் மேட்சில் வியாகப்பன்
பழக்கதோசத்தில் நம்மாளுக்கே பாஸ் கொடுத்தான்.
யாரும் சிரிக்கவில்லையாம்.
சார் மட்டும் கோட்டுக்கு வெளியே நின்று
"நல்ல பாஸ்" என்றாராம்.

ஐந்தாவது தாளைப் பார்த்ததும்
என் கை மூடியிலேயே நின்றது.
தொண்ணூற்றைந்து.
பஸ்ஸின் நெற்றியில் எழுதிய பெயரைப் பார்த்துக் கல் வந்த வருசம்.
நூற்று நாற்பத்து நாலில் டீமை வெளியே கூட்டிப்போக
போலீஸ் கேட்ட படிவம்.
பெயர், ஊர், சாதி என்று மூன்று கட்டம்.
மைதீன்பிச்சை, மேலப்பாளையம், கோல்கீப்பர்.
பேராச்சிசெல்வம், மானூர், ரைட் பேக்.
இப்படியே பதினொன்றும்.
மூன்றாம் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.
திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
பதினோராவது நான்.
உய்க்காட்டான், லெஃப்ட் அவுட்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்,
பெருமையாக.
ஆறாவது தாளைச் சொன்னதில்லை.

ஆறாவது, அதே வாரம், அதே கையெழுத்து.
இந்தத் தடவை மூன்று கட்டமும்
கேட்டபடியே நிரம்பியிருக்கிறது.
கடைசிப் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது.
கோவில்பட்டி ரோட்டில் அன்றைக்கு
என் ஊர்ப்பெயரோடு ஒருவன் பஸ்ஸில் இருந்தால்
மற்ற பத்துப் பேரும் வீடு திரும்ப மாட்டார்கள் என்று
யாரோ சொல்லியிருக்கலாம்.
உண்மையாகவும் இருக்கலாம்.
என்னிடம் யாரும் சொல்லவில்லை.
விடிகாலை ஐந்து மணிக்குப் பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு
மைதான வாசலில் நின்றேன்.
வண்டி நாலரைக்கே போயிருந்தது.
பத்துப் பேரோடு ஆடி ஒன்றுக்குச் சைபர் ஜெயித்தார்கள்.
தோற்றிருந்தால்
எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இது எதுக்கு சார், பென்ஷனுக்கு?"
"மேனேஜரா இருந்ததுக்கு ஆதாரம் கேக்கான்.
கையெழுத்துப் போட்டது
இது ஒண்ணுதான் மிஞ்சிருக்கு."

மூடியை அமுக்கினேன்.
நகலில்,
பெயரைவிட அடித்த கோடு கருப்பாக விழுந்தது.
வெளுப்பாக வைத்து இன்னொன்று எடுத்தேன்.
கோடு போகவில்லை, பெயர்தான் போயிற்று.
பழையபடியே வைத்து மூன்றையும் எடுத்தேன்.

பின் அடிக்கும்போது
என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"காலும் எடதுதானல?"
"ஆமா."
வாயைத் திறந்தார்,
பின்னாலிருந்த ஒருவர் ஆதாரை நீட்டினார், மூடிக்கொண்டார்.

பதினெட்டுப் பக்கம், முப்பத்தாறு ரூபாய்.
நாற்பதை வைத்துவிட்டு
"மிச்சம் இருக்கட்டும்டே" என்று படியிறங்கினார்,
வலதுகாலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து.

கல்லாவில் சில்லறை இல்லை.
பக்கத்து டீக்கடையில் மாற்றி
ஓடிப்போய்
நாலு ரூபாயைக் கையில் கொடுத்தேன்.